இரண்டு டிக்கெட்டுகளுக்கு நடுவே ஓர் இரவு

அமெரிக்காவிலிருந்து சென்னை வரை ஒரு டிக்கெட். சென்னையிலிருந்து கோவைக்குத் தனியாக இன்னொன்று. கொங்கு நாட்டுக் குடும்பங்கள் பலவும் இப்படித்தான் ஊர் திரும்புகின்றன. இரண்டுக்கும் இடையில் இருக்கும் அந்தச் சில மணி நேரம் யாருடைய பொறுப்பு?

விடியற்காலை நாலே முக்காலுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. "கண்ணு, கோயமுத்தூர் ஃபிளைட்டுக்கு நேரம் முடிஞ்சுபோச்சாமா. இனி ஏத்த முடியாதுங்கறாங்க. நான் இந்தப் பெட்டிகள வெச்சுக்கிட்டு எங்க போய் உக்கார்றது?"

என் தங்கைக்குப் பேறுகாலம் பார்க்க டல்லாஸ் போனவர், ஐந்து மாதம் கழித்துத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். வயது 64. இங்கே அன்னூர்ப் பக்கம் உள்ள எங்கள் வீட்டில், அவரை அழைத்துவர அலாரம் வைத்துவிட்டுப் படுத்திருந்த அப்பா, அலாரம் அடிப்பதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

டிக்கெட் போட்டது நான். சென்னைக்கு இரவு ஒன்றரைக்கு வரும் விமானம். அங்கிருந்து காலை ஐந்தரைக்குக் கோவை விமானம். இரண்டையும் தனித்தனியாக எடுத்ததில் பதினோராயிரம் ரூபாய் மிச்சம். நான்கு மணி நேர இடைவெளி தாராளம் என்று நினைத்தேன். முதல் விமானம் மூன்று பத்துக்குத்தான் தரையிறங்கியது. சக்கர நாற்காலிக்குக் காத்திருந்து, குடியேற்றச் சோதனை முடித்து, இரண்டாவது பெட்டி வந்து சேர்ந்தபோது நாலேகால் தாண்டிவிட்டது. வெளியே வந்தபோது நாலு முப்பத்தைந்து. கோவை விமானத்துக்கான செக்-இன் நாலரைக்கே மூடப்பட்டிருந்தது. ஐந்து நிமிடம்.

தாம்பரத்தில் இருக்கும் பெரியப்பா மகன் வந்து அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அன்றிரவு சேரன் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தது. மறுநாள் காலை கோவை ஜங்ஷனில் இறங்கிய அம்மா என்னிடம் கோபப்படவில்லை. காரில் ஏறியதும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "மெட்ராஸ்ல ஒரு நா தங்கீட்டுத்தான் வரோணும்னு முன்னாடியே சொல்லியிருந்தீன்னா, நான் நிம்மதியா வந்திருப்பேன் சாமி."

அந்த வாக்கியம்தான் இந்தக் கட்டுரை. ஒரு நாள் தாமதமானது அம்மாவைப் பாதிக்கவில்லை. அந்த ஒரு நாள், யாரும் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் வந்து அவர் முன்னால் நின்றதுதான் பாதித்தது.

கடைசி 500 கிலோமீட்டர்

கோவை பீளமேட்டில் 1940-லேயே விமானம் இறங்கியது. 2012 அக்டோபரில் மத்திய அமைச்சரவை கோவை விமான நிலையத்துக்குச் சர்வதேசத் தகுதி கொடுத்தது. ஆனால் இங்கிருந்து நேராகக் கடல் தாண்டும் விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஷார்ஜாவுக்கு ஏர் அரேபியா, சிங்கப்பூருக்கு ஸ்கூட், 2024-ல் அபுதாபிக்கு இண்டிகோ தொடங்கிய சேவை என்று சுருக்கமான பட்டியல் அது. ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ நேரடி விமானம் கிடையாது.

இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது ஒப்பந்தம். வெளிநாட்டு விமான நிறுவனம் தன் விருப்பப்படி எந்த இந்திய நகரத்திலும் இறங்கிவிட முடியாது. இரு நாட்டு அரசுகளும் போட்டுக்கொள்ளும் வான்வழி ஒப்பந்தத்தில் எந்தெந்த நகரம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்று எழுதப்பட்டிருக்கும். அந்தப் பட்டியல்களில் கோவையைச் சேர்க்க வேண்டும் என்று இங்குள்ள தொழில் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவருகின்றன. இரண்டாவது ஓடுபாதை. கோவை ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். நிறைய எரிபொருளோடு நெடுந்தூரம் போகும் பெரிய விமானங்களுக்கு அதைவிட நீளம் வேண்டும். விரிவாக்கத்துக்கான 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் கையகப்படுத்தும் வேலை பத்தாண்டுக்கும் மேலாக இழுத்தது.

நிலமும் ஒப்பந்தமும் மெதுவாக நகர, மனிதர்கள் வேகமாக நகர்ந்துவிட்டார்கள். திருப்பூர்ப் பின்னலாடை ஐரோப்பியக் கடைகளில் தொங்குகிறது. அதை விற்கப் போகிறவர் ஆண்டுக்குப் பலமுறை பறக்கிறார். கோவை பம்புசெட்டும் கிரைண்டரும் ஆப்பிரிக்கா வரை போகின்றன. 1945-ல் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1951-ல் பி.எஸ்.ஜி., 1956-ல் சி.ஐ.டி. என்று வரிசையாக எழுந்த கல்லூரிகள் மூன்று தலைமுறைப் பொறியாளர்களை வெளியே அனுப்பிவிட்டன. காங்கேயத்திலும் கோபியிலும் தோட்டத்து வீட்டில் இருக்கும் பெற்றோர், பேரன் பேத்தியைப் பார்க்கக் கடல் தாண்டிப் போய்வருகிறார்கள். கொள்ளுப்பொடியும் பேறுகால லேகியமும் போகும் பெட்டியில், சாக்லேட்டும் வைட்டமின் மாத்திரையும் திரும்பி வருகின்றன.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே சிக்கல்தான். பன்னிரண்டாயிரம், பதினாலாயிரம் கிலோமீட்டர் தாண்டிச் சென்னையில் இறங்கியபின், இன்னும் 500 கிலோமீட்டர் பாக்கி. பெங்களூரு என்றால் ஏறத்தாழ 400. கோவை வரை ஒரே டிக்கெட்டாகக் கேட்டால் பல சமயம் விலை அதிகம், அல்லது நேரம் பொருந்தாது. அதனால் கடைசித் துண்டைத் தனியாக வெட்டி வாங்கிக்கொள்கிறோம். அதில் தவறில்லை. அந்த விலைக்குறைவுக்கு ஈடாக நாம் எதைக் கொடுக்கிறோம் என்பது தெரியாமல் வாங்குவதுதான் தவறு.

ஒரு டிக்கெட், ஒரு வாக்குறுதி

டல்லாஸிலிருந்து கோவை வரை ஒரே டிக்கெட் எடுத்தால், விமான நிறுவனம் உங்களுக்குக் கொடுக்கும் வாக்குறுதி 'உங்களைக் கோவையில் சேர்ப்போம்' என்பது. வழியில் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்த விமானத்தில் கூடுதல் கட்டணம் இல்லாமல் ஏற்றி அனுப்புவது அவர்கள் கடமை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வகுக்கப்பட்டிருக்கிறது. அதைவிடக் குறைவான இடைவெளியில் ஒரே டிக்கெட்டை அவர்களுடைய கணினி விற்காது.

இரண்டு டிக்கெட்டாக எடுத்தால் வாக்குறுதியும் இரண்டாகிவிடுகிறது. முதல் நிறுவனம் உங்களைச் சென்னையில் இறக்கிவிட்டதோடு தன் வேலையை முடித்துக்கொள்கிறது. இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் தாம்பரத்திலிருந்து ஆட்டோவில் வந்தீர்களா, டெக்சாஸிலிருந்து பறந்து வந்தீர்களா என்பதே தெரியாது. நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். நடுவில் உள்ள நேரம் எந்த நிறுவனத்தின் கணக்கிலும் இல்லை. அது முழுக்க உங்கள் கணக்கு.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ரயிலில் பழகிய பி.என்.ஆர். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. ஏஜென்ட்டோ இணையதளமோ இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒரே பயணத்தாளில் அச்சிட்டுக் கொடுப்பது உண்டு. மின் டிக்கெட்டில் 13 இலக்க எண் ஒன்று இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட் கொடுத்த நிறுவனத்தைக் குறிக்கும். ஏர் இந்தியா என்றால் 098, எமிரேட்ஸ் என்றால் 176. கடைசித் துண்டு வரை அதே எண்ணின் கீழ் வந்தால் ஒரே ஒப்பந்தம். வேறு எண் இருந்தால், அல்லது 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், நீங்களே உங்களை மாற்றி ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று பொருள்.

சட்டம் கையை விரித்துவிடுகிறதா? முழுக்க இல்லை. சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 2009-ல் சேர்ந்தது. தாமதத்தால் பயணிக்கு நேரும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பு என்கிறது அது. ஆனால் தாமதத்தைத் தவிர்க்க முடிந்ததையெல்லாம் செய்தோம் என்று நிறுவனம் நிரூபித்துவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும். 'இவர் தனியாக இன்னொரு டிக்கெட் வைத்திருந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்' என்ற வாதத்தையும் எதிர்கொள்ள வேண்டும். வழக்காடிப் பெறலாம். விடியற்காலை நாலரைக்குக் கவுன்ட்டர் முன் நிற்பவருக்கு அது உதவாது.

ஒரு சிறிய ஆறுதல் உண்டு. தவறவிட்ட உள்நாட்டு டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணம் போனாலும், அதில் சேர்ந்திருக்கும் அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. கேட்டால்தான் கிடைக்கும். பலர் கேட்பதே இல்லை.

தரை இறங்கிய பிறகு ஓடும் கடிகாரம்

டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் விமானம் வந்துசேரும் நேரம். பயணி வெளியே வரும் நேரம் அதுவல்ல. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனையை முடித்துவிட வேண்டும். பெட்டியை எடுத்துக்கொண்டு சுங்கத்தைக் கடந்து வெளியே வர வேண்டும். பிறகு உள்நாட்டு முனையத்தில் முதலிலிருந்து ஒரு பயணியாக நுழைய வேண்டும். ஒரே டிக்கெட் வைத்திருப்பவரும் பெரும்பாலும் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஆனால் அவருக்கு அதற்கென்று மாற்றுக் கவுன்ட்டர் உண்டு. தாமதமானால் பொறுப்பேற்கும் நிறுவனமும் உண்டு.

என் கணக்கு இது. கதவு திறந்து இறங்கி நடக்க இருபது நிமிடம். குடியேற்ற வரிசை, மூன்று பெரிய விமானங்கள் ஒன்றாக வந்திருந்தால் ஒரு மணி நேரம் வரை. பெட்டி வர அரை மணி, முக்கால் மணி. சுங்கம், டிராலி, அடுத்த முனையம் என்று இன்னொரு அரை மணி. மொத்தம் இரண்டரை மணி நேரம். உள்நாட்டு விமானத்துக்குப் பொதுவாக 60 நிமிடம் முன்னதாகவே செக்-இன் மூடிவிடும். அதையும் சேர்த்தால் மூன்றரை மணி. இது முதல் விமானம் சொன்ன நேரத்துக்கு வந்தால் மட்டும். பதினைந்து, இருபது மணி நேரப் பயணத்தில் இரண்டு மணி நேரத் தாமதம் அதிசயமில்லை. ஆகவே ஆறு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை நான் இனி யாருக்கும் போட மாட்டேன்.

ஊருக்கு ஊர் வித்தியாசமும் இருக்கிறது. சென்னையில் 2023 ஏப்ரல் 8 அன்று திறக்கப்பட்ட புதிய முனையத்தில் சர்வதேச விமானங்கள் வருகின்றன. உள்நாட்டு முனையங்கள் நடக்கும் தூரத்தில்தான். பெங்களூருவில் 2023 செப்டம்பர் முதல் சர்வதேச விமானங்கள் இரண்டாம் முனையத்துக்கு வருகின்றன. உங்கள் கோவை விமானம் முதல் முனையத்திலிருந்து கிளம்பினால் ஷட்டில் பஸ் ஏறிப் போக வேண்டும். மும்பையிலும் டெல்லியிலும் முனையங்களுக்கிடையே கிலோமீட்டர் கணக்கில் சாலைப் பயணம். மும்பை மழையில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்பதை டிக்கெட் விற்கும் இணையதளம் சொல்லாது.

வரிசையைக் குறைக்க ஒரு வழி வந்திருக்கிறது. இந்தியர்களும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களும் விரைவுக் குடியேற்றத் திட்டத்தில் கட்டணமின்றிப் பதிவுசெய்துகொள்ளலாம். 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கிய அந்தத் தானியங்கிக் கதவுகள் 2025 ஜனவரியில் சென்னை, பெங்களூரு, கொச்சி உள்ளிட்ட ஊர்களுக்கும் வந்துவிட்டன. மகனும் மருமகளும் பதிவுசெய்துகொள்கிறார்கள். அவர்களைவிட அதிகம் தேவைப்படும் பெற்றோருக்குச் செய்து கொடுப்பதில்லை.

சக்கர நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு நான் கேட்டிருந்தது முதல் டிக்கெட்டில் மட்டும். அந்த உதவியாளர் வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்து, 'இதோட எங்க வேலை முடிஞ்சதுங்க' என்று பணிவாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார். அவர்மீது பிழையில்லை. டிக்கெட் இரண்டு என்றால் நாற்காலியும் இரண்டு. இரண்டு நிறுவனத்திடமும் தனித்தனியாக, முன்கூட்டியே கேட்டு எழுத வைக்க வேண்டும்.

46 கிலோவும் 15 கிலோவும்

அமெரிக்காவிலிருந்து வரும் சாதாரண வகுப்பு டிக்கெட்டில் தலா 23 கிலோவில் இரண்டு பெட்டி கொண்டுவர அனுமதிக்கும் நிறுவனங்கள் பல. ஆக 46 கிலோ. உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான். தனி டிக்கெட் எடுத்தவருக்கு மீதி 31 கிலோ கூடுதல் எடை. கிலோவுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 15,500 ரூபாய். நான் மிச்சம் பிடித்த பதினோராயிரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அம்மா அந்த ஐந்தரை விமானத்தைப் பிடித்திருந்தாலும் நான் நஷ்டப்பட்டிருப்பேன்.

ஒரே டிக்கெட்டில் வந்தால் பொதுவாகச் சர்வதேச எடை அனுமதியே கடைசி ஊர் வரை செல்லும். தனியாக எடுப்பதென்றால் கூடுதல் எடையை இணையத்தில் முன்பே வாங்கிவிடுவது நல்லது; விமான நிலையத்தில் கேட்கும் விலையைவிடக் குறையும். சர்வதேச டிக்கெட்டைக் காட்டினால் சலுகை உண்டா என்றும் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு விமான நிலையத்தில் டிக்கெட்டைத் துண்டு போடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. லண்டன் வரை ஒன்று, அங்கிருந்து சென்னைக்கு ஒன்று என்று எடுத்தால், பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டிவரும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அதற்கு விசா தேவைப்படலாம். விசா இல்லாவிட்டால் கிளம்பும் ஊரிலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள்.

நள்ளிரவு செய்யும் குழப்பம்

சென்னைக்கும் பெங்களூருவுக்கும் வரும் நெடுந்தூர விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டி இறங்குகின்றன. அங்கேதான் தேதி வழுக்குகிறது. 12-ம் தேதி மாலை டல்லாஸில் ஏறுகிறவர் 14-ம் தேதி நள்ளிரவு தாண்டி 12.40-க்கு இறங்குவார். ஊரில் இருப்பவர்கள் அதை '13-ம் தேதி ராத்திரி' என்பார்கள். '14-ம் தேதி ராத்திரி' என்று எடுத்துக்கொள்கிறவரும் உண்டு. முதல் கணக்கில் கோவை டிக்கெட் ஒரு நாள் முன்னதாக எடுக்கப்படும். இரண்டாவது கணக்கில் கார் ஒரு நாள் கழித்து வந்து நிற்கும். 24 மணி நேரக் கடிகாரத்தில், தேதியும் கிழமையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, இரண்டு பேர் பார்த்தபின் பணம் கட்டுங்கள்.

மழை, மூடுபனி, ரத்து

வெளிநாட்டிலிருந்து அதிகம் பேர் வருவது டிசம்பரில். அங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை. இங்கே தை பிறந்தால் கல்யாணம். அதே மாதத்தில்தான் சென்னையின் வடகிழக்குப் பருவமழையும் டெல்லியின் மூடுபனியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் ஓடுபாதையை நீரில் மூழ்கடித்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் மறுபடி மூடல்.

2025 டிசம்பர் முதல் வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். விமானிகளின் பணிநேரம் குறித்த புதிய விதிக்கு ஏற்பப் போதிய ஆட்களை ஏற்பாடு செய்யாததால் இண்டிகோ விமானங்கள் நாடு முழுவதும் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ரத்தானவை ஆயிரத்துக்கும் மேல். இப்படிப்பட்ட வாரங்களில்தான் டிக்கெட்டின் அருமை தெரியும். ஒரே டிக்கெட்காரரை எப்படியாவது ஊர் சேர்க்க ஒரு நிறுவனம் கடமைப்பட்டிருக்கிறது. தனி டிக்கெட்காரருக்கு ரத்தான துண்டின் பணமோ அதே நிறுவனத்தின் மாற்று விமானமோ கிடைக்கும். மற்ற வழியை அவரே தேட வேண்டும்.

போகும் திசையில் ஆபத்து இன்னும் பெரிது. வரும்போது கோவை விமானத்தைத் தவறவிட்டால் போவது சில ஆயிரம். போகும்போது கோவை விமானம் தாமதித்துச் சென்னையில் அமெரிக்க விமானத்தை விட்டுவிட்டால், முதல் துண்டில் ஏறாததால் திரும்பும் துண்டு உட்பட முழு டிக்கெட்டும் ரத்தாகிவிடக்கூடும். தனி டிக்கெட் என்றால் முந்தைய நாளே சென்னை போய்ச் சேர்ந்துவிடுவது ஒன்றுதான் பாதுகாப்பு.

ஒரே டிக்கெட்டிலும் ஒரு கட்டுப்பாடு இருப்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. கோவை வரை டிக்கெட் எடுத்துவிட்டு, சென்னையிலேயே இறங்கி மாமா வீட்டுக்குப் போய்விட்டால், அதே டிக்கெட்டில் மீதியிருக்கும் பயணம் ரத்தாகலாம். வரிசை மாறாமல் பறந்தாக வேண்டும்.

காத்திருக்கும் வண்டிகள்

விமானம் காத்திருக்காது. கார் காத்திருக்கும். ரயிலில் இந்த வண்டி போனால் அடுத்த வண்டி வரும். இந்த உண்மையை வைத்தே கொங்கு நாட்டில் பலர் தங்கள் வழியை வகுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பொள்ளாச்சி, உடுமலை, கோவை மேற்குப் பகுதிக்காரர்கள் வளைகுடாவிலிருந்து நெடும்பாசேரி வந்து இறங்குகிறார்கள். அங்குள்ள கொச்சி விமான நிலையத்திலிருந்து கோவை ஏறத்தாழ 160 கிலோமீட்டர். 2021 ஜூலை 31 அன்று குதிரான் மலைச் சுரங்கப்பாதையின் முதல் குழாய் திறந்தபின், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் சாலையில் அந்த மலை நெரிசல் குறைந்துவிட்டது. கரூர், நாமக்கல்காரர்களுக்குத் திருச்சி பக்கம். 2024 ஜனவரியில் அங்கே புதிய முனையமும் திறந்துவைக்கப்பட்டது. சேலம், தர்மபுரிக்கு பெங்களூரு.

சென்னையில் இறங்குகிறவர்களுக்கு விமான நிலையத்திலிருந்தே சென்ட்ரல் வரை மெட்ரோ ரயில் இருக்கிறது. சென்னையின் புதிய முனையம் திறந்த அதே 2023 ஏப்ரல் 8 அன்றுதான் சென்னை–கோவை வந்தே பாரத் ரயிலும் கிளம்பியது. ஆறு மணி நேரத்துக்குள் கோவை. நள்ளிரவில் இறங்கி, காலை வரை உறங்கி, குளித்து, மத்தியான ரயிலில் ஏறி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு சேர்கிறவரை நான் கெட்டிக்காரர் என்பேன்.

கார் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பெங்களூருவுக்கு அழைக்க வரும் டிரைவர் ஏற்கெனவே ஏழு மணி நேரம் ஓட்டி வந்திருப்பார். விமானம் இரண்டு மணிக்கு வந்து, மூன்றரைக்குக் கிளம்பினால், விடியும் நேரத்தில் அவர் தொப்பூர்க் கணவாயில் இறங்கிக்கொண்டிருப்பார். அந்த இறக்கத்தில் எத்தனை விபத்து நடந்திருக்கிறது என்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். 2020 பிப்ரவரியில் அவினாசி அருகே கேரள அரசுப் பேருந்தும் கன்டெய்னர் லாரியும் மோதி 19 பேர் இறந்ததும் விடியற்காலையில்தான். முந்தைய நாள் மதியமே டிரைவரை அனுப்பி, அறை எடுத்துக் கொடுத்து உறங்க வையுங்கள். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்ச் செலவு. குழந்தையும் பெற்றோரும் உறங்கிக்கொண்டே வரும் வண்டியில் ஒருவராவது விழித்திருக்க வேண்டும்.

புறப்படும் முன் – ஒரு பட்டியல்

• தனியாக வரும் பெரியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும் விலை கூடினாலும் கோவை வரை ஒரே டிக்கெட். டெல்லி, மும்பை வழியாக ஏர் இந்தியா. சிங்கப்பூர் வழியாக சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஸ்கூட்டும் இணைந்த டிக்கெட். இண்டிகோவோடு கூட்டு வைத்திருக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் – இவற்றை முதலில் விசாரியுங்கள்.
• தனி டிக்கெட் என்றால் குறைந்தது ஆறு மணி நேரம். நள்ளிரவில் இறங்கினால் மறுநாள் மதியம் அல்லது மாலை விமானம்.
• அன்றைய கடைசி விமானத்தை எடுக்காதீர்கள். அதன்பின் இன்னும் ஒன்றிரண்டு விமானமாவது இருக்க வேண்டும்.
• நேரம் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள கட்டணத்தைத் தேர்ந்தெடுங்கள்.
• கூடுதல் எடை, சக்கர நாற்காலி இரண்டையும் இரண்டாவது டிக்கெட்டிலும் பதிவுசெய்யுங்கள்.
• பயணக் காப்பீட்டில் 'தவறவிட்ட இணைப்பு' என்ற பிரிவைப் படியுங்கள். தனித்தனி டிக்கெட்டுக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள்.
• இரண்டு டிக்கெட்டை ஒன்றென்று சொல்லி ஏஜென்ட் விற்றிருந்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

ரயில்வே செய்ததை ஏன் செய்யக் கூடாது?

2019 ஏப்ரல் 1 முதல் இந்திய ரயில்வே ஒரு நல்ல காரியம் செய்தது. இரண்டு ரயில்களில் தொடர்ந்து பயணம் செய்கிறவர் தன் இரண்டு பி.என்.ஆர். எண்களையும் இணைத்துக்கொள்ளலாம். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணம் பிடித்தமின்றித் திரும்பும். அதுவும் ஒரு நிறுவனத்தின் ரயில்தானே என்று கேட்கலாம். வெவ்வேறு நிறுவனங்களின் விமானங்களுக்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 2022 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு வழக்கை விசாரித்தது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து சூரிச், பிலடெல்பியா வழியாகக் கான்சஸ் சிட்டி போன ஒருவருக்குப் பயண ஏஜென்ட் வெவ்வேறு நிறுவன விமானங்களைச் சேர்த்து, ஒரே மொத்த விலையில் ஒரே டிக்கெட்டாக விற்றிருந்தார். நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்த உறவு இல்லாவிட்டாலும் அது ஒரே இணைப்புப் பயணம்தான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கும் கேட்க வேண்டியவை நியாயமானவைதான். இரண்டு ஒப்பந்தங்களைச் சேர்த்து விற்கிறவர், பணம் வாங்கும் முன் அதைப் பெரிய எழுத்தில், வாங்குகிறவரின் மொழியில் சொல்ல வேண்டும். சர்வதேச விமானத்தின் தாமதச் சான்றோடு வந்து நிற்கிறவரை, இடம் இருக்கும் அடுத்த உள்நாட்டு விமானத்தில் சிறு கட்டணத்தோடு ஏற்ற வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த அன்றே தொடர்ந்து பறக்கிறவருக்கு எடையில் சலுகை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோவையிலிருந்து நேரடி விமானங்கள் பெருக வேண்டும். ஏற்றுமதியாலும் படித்த பிள்ளைகளின் உழைப்பாலும் அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் ஒரு பகுதி, தன் தாய் தகப்பனை வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் இறக்கிவிடக் கேட்பது பேராசையல்ல.

அது வரும் வரை நம் கையில் இருப்பது அந்த இடைவெளி மட்டும். அதை நாம்தான் நிரப்ப வேண்டும். உறக்கத்தால், உறவினர் வீட்டுச் சாப்பாட்டால், ஒரு நாளால்.

அம்மா இரண்டாவது முறை டல்லாஸ் போய்த் திரும்பினார். இந்த முறையும் இரண்டு டிக்கெட்தான், நேரங்கள் வேறு. நள்ளிரவில் இறங்கியவரைப் பெரியப்பா மகனான அண்ணன் தாம்பரத்துக்கு அழைத்துப்போனார். அண்ணி அரிசிப்பருப்புச் சாதம் ஆக்கி வைத்திருந்தார். அம்மா மறுநாள் காலை பத்து மணி வரை உறங்கினார். எடையும் சக்கர நாற்காலியும் முன்பே பதிவாகியிருந்தன. மாலை விமானத்தில் பீளமேடு வந்து இறங்கினார்.

அவர் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, ஒறம்பரை எல்லோருக்கும் சொல்வதற்காக அப்பா காலண்டரில் 14-ம் தேதியைச் சுழித்து வைத்திருந்தார். வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்ட அம்மா, "அது மெட்ராஸுக்கு வர்ற நாளுங்க. வூட்டுக்கு வர்றது பதினஞ்சு" என்று சொல்லி, அப்பா பேனாவை எடுத்து அடித்துத் திருத்தும் வரை போனை வைக்கவில்லை.